கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் முன்

தென்மாவட்டம் ஒன்றில், சிறு ஊரின் தனியார் மருத்துவமனையில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தேன். இப்போது பெண்கள் அமைப்பு ஒன்றில் ஆலோசனை சொல்லும் வேலை. இரண்டு இடத்திலும் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சிஸ்டர், இதைக் கலைச்சா போலீஸ் கேஸ் ஆயிருமா?" தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவரும் கேட்டிருக்கிறார், பள்ளிக்கூட டீச்சரும் கேட்டிருக்கிறார்.

ஆகாது. மருத்துவ முறையில் கருக்கலைப்புச் சட்டம் (சுருக்கமாக எம்.டி.பி. சட்டம்) 1971-இல் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. கருவைக் கலைப்பது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு. 1971 சட்டம் அதிலிருந்து ஒரு விலக்கு தருகிறது. தகுதியுள்ள மருத்துவர், அனுமதி பெற்ற இடத்தில், குறித்த வாரங்களுக்குள், சொல்லப்பட்ட காரணங்களுக்காகச் செய்தால் குற்றமில்லை. அதாவது, இந்தச் சட்டம் பாதுகாப்புத் தருவது முதலில் டாக்டருக்கு. பெண்ணுக்கு உரிமை என்று நேராக அது எங்கும் சொல்லவில்லை. அதனால் டாக்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டம் கேட்காத காகிதத்தையும் கேட்கிறார். அந்தக் காகிதத்தைத் தேடி அலைவதில் அவளுடைய நாட்கள் போகின்றன. அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, பெண்களைச் சட்டம் நேரடியாகத் தடுத்ததைவிட, தாமதம் தடுத்ததுதான் அதிகம்.

முதலில் வாரக் கணக்கு. இதில் தவறினால் மற்ற எல்லாம் தவறும். மருத்துவமனையில் வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நம் வீடுகளில் நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுகிறோம். நாள் தள்ளிய அன்றே மருத்துவக் கணக்கில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிவிட்டது. "தள்ளிப்போயி ஒரு மாசம்தான் ஆகுது" என்று ஒருவர் சொன்னால் எட்டு வாரம் தாண்டியிருக்கும். இரண்டு மாதம் என்றால் பன்னிரண்டை எட்டியிருக்கும். மாத்திரை மூலம் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான். சிறிய மருத்துவமனைகள் பலவற்றுக்குப் பன்னிரண்டு வாரம் வரைதான் அனுமதி. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதுவும் சில பிரிவினருக்கு மட்டும். ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் உங்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய மருத்துவமனைகளின் எண்ணிக்கை குறைகிறது, செலவு கூடுகிறது, ஊர் தூரமாகிறது. ஆகவே சந்தேகம் வந்த அன்றே கடையில் கிட் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம்; எந்த வாரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் நேரம் எடுக்கக் கூடாது.

இனி இடம். அரசு மருத்துவமனைகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் மருத்துவமனை என்றால் மாவட்டக் குழுவிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2002 திருத்தத்துக்குப் பிறகுதான் இந்த அதிகாரம் மாவட்ட அளவுக்கு வந்தது. படிவம் 'ஏ'-யில் விண்ணப்பம், ஆய்வுக்கு வருவார்கள், பரிசோதனை மேசை, மூச்சுத் திணறினால் உயிர்காக்கும் கருவிகள், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வசதி, மருந்துகள், குளுக்கோஸ் பாட்டில்கள், அவசரத்துக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு எல்லாம் பார்ப்பார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் செய்வதென்றால் ஆபரேஷன் மேசையும் மயக்க மருந்துக் கருவிகளும் வேண்டும். எல்லாம் சரியென்றால் படிவம் 'பி' என்ற சான்றிதழ் வரும்.

இந்த ஆய்வுகள் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்து, சீழ் பிடித்து, உடம்பு நெருப்பாகக் கொதிக்க எங்கள் வாசலில் இறக்கப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் இல்லாத அறையில் ஒருத்தியைப் படுக்க வைக்கக் கூடாது என்று அரசு சொன்னால், அது அவள் உயிருக்காகச் சொல்வது. என் ஆதங்கம் வேறு. நாங்கள் இருந்த வாடகைக் கட்டிடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த தெருவுக்கு மாறினோம். அதே டாக்டரம்மா, அதே நர்ஸுகள், அதே கருவிகள். ஆனால் அனுமதி இடத்துக்குத்தான் என்பதால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இரண்டு மாதத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதிகாரி மாறினார், பிறகு தேர்தல் வேலை, பிறகு கோப்பு எங்கோ நின்றது. மழைக்காலம் முடிந்து பொங்கலும் போனது. அதுவரை வந்த பெண்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பினோம். ஒன்பதாவது வாரத்தில் வந்த ஒருவரை அப்படி அனுப்பி, அவர் இரண்டு ஊர் அலைந்து, பணம் புரட்டி, கடைசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பதினான்காவது வாரத்தில் சேர்ந்தார். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது அவருக்கு வார்டில் படுத்து முடிந்தது.

இன்னொரு தடை டாக்டரின் தகுதி. எம்.பி.பி.எஸ். படித்த எல்லோரும் இதைச் செய்ய முடியாது. மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்போ, குறிப்பிட்ட காலப் பயிற்சியோ வேண்டும். பன்னிரண்டு வாரம் வரைக்கும் மட்டும் செய்வதென்றால்கூட, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 பேருக்கு உடனிருந்து, அவற்றில் குறைந்தது ஐந்தையாவது தானே செய்திருக்க வேண்டும். விதி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயிற்சிக்கு ஆளை அனுப்புவது அரசின் வேலையல்லவா? எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் பார்ப்பார்கள். கருக்கலைப்பு என்றால் மட்டும் சீட்டு எழுதி டவுனுக்கு அனுப்பிவிடுவார்கள், பயிற்சி பெற்றவர் இல்லை என்று. டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாளோடு முடிவதில்லை. அடுத்த சம்பளம் வரும்வரை தள்ளிப்போகும்.

ஆகவே தனியாரிடம் போகிறீர்கள் என்றால் உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். மேலே சொன்ன படிவம் 'பி' சான்றிதழை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அது டாக்டர் அறைக்குள் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். "எம்.டி.பி. சர்டிபிகேட் இருக்கா, எத்தனை வாரம் வரைக்கும்?" என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிற இடத்தில் உடம்பைக் கொடுக்காதீர்கள். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரை மட்டும் எழுதித் தரும் டாக்டரின் கிளினிக்குக்கு அந்த அனுமதி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவசரத்துக்கு அனுப்ப அனுமதி பெற்ற ஒரு மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்க வேண்டும், அதற்கான சான்றும் அங்கே மாட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் கையெழுத்து. பெண்களின் நாட்களை அதிகம் தின்றது இதுதான். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். படிவம் 'சி'-யில் கையெழுத்துப் போட அவளுக்கு மட்டும்தான் இடம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்தாலோதான் பாதுகாவலரின் கையெழுத்து. கணவர், மாமியார், அண்ணன் யாரும் சட்டத்தில் இல்லை. ஆனால் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்பது மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்கும் வசனம். ஒரு தீப்பெட்டித் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஏழாவது வாரத்தில் போனார். கணவர் லாரி டிரைவர், வடநாட்டு லோடு ஏற்றிப் போயிருந்தார். "அவர் வந்தபிறகு வா" என்றார்கள். அவர் வந்தபோது மாத்திரைக்கான காலம் முடிந்திருந்தது. இத்தனைக்கும் போனிலேயே கணவர் சம்மதம் சொல்லியிருந்தார். கணவர் அடிக்கிறவர், குடிக்கிறவர் என்றால் அந்தப் பெண் எங்கே போவாள்?

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: குடும்பத்தாரின் சம்மதம், கூடுதல் ஆவணங்கள், நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாததை டாக்டர்கள் கேட்கக் கூடாது. இதை வைத்து வாக்குவாதம் செய்யச் சொல்லவில்லை. எனக்குப் பலன் தந்த வழி, அமைதியாக ஒன்று கேட்பதுதான்: "கணவர் கையெழுத்து இல்லாம செய்ய முடியாதுன்னு இந்த ஓ.பி. சீட்டுல எழுதிக் கொடுங்க டாக்டர்." எழுத மாட்டார்கள். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள், ஆர்.எம்.ஓ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 104 சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். கூட ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துப் போங்கள். தனியாக நிற்பவளிடம் பேசுகிற தொனி, பக்கத்தில் ஒருத்தி நின்றால் மாறிவிடுகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

இதேபோல இன்னொரு நிபந்தனை, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா கலைக்கிறோம்" அல்லது "காப்பர்-டி போட்டுக்கணும்" என்பது. கருத்தடை பற்றி விளக்குவது நல்லது. அதை ஏற்றால்தான் சிகிச்சை என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. "அதைப் பத்தி அப்புறம் முடிவு பண்றேன்" என்று சொல்லலாம்.

கல்யாணம் ஆகாத பெண்களுக்கு ஒரு வார்த்தை. கருத்தடை தோற்றுப்போனால் கலைக்கலாம் என்ற பிரிவில் முன்பு திருமணமான பெண், அவள் கணவர் என்று இருந்தது. 2021 திருத்தத்தில் அது எந்தப் பெண்ணும், அவள் துணையும் என்று மாறியது. மேலே சொன்ன 2022 தீர்ப்பு இருபது முதல் இருபத்து நான்கு வாரப் பிரிவிலும் திருமணம் ஆகாதவர்களை விலக்கக் கூடாது என்றது. கணவரின் பலாத்காரத்தால் உண்டான கருவையும் அந்தப் பிரிவில் சேர்த்தது, அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்ற அவசியம் இல்லை. தாலி இருக்கிறதா என்று பார்க்கும் கண்கள் இன்னும் மாறவில்லைதான். பொய்த்தாலி கட்டிக்கொண்டு, பெயரை மாற்றிச் சொல்லி வருவார்கள். வேண்டாம். பிறகு ஏதாவது சிக்கல் என்றால் அந்தப் பெயரில் இருக்கும் காகிதம் உங்களுக்கு உதவாது.

பெயர் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு நான் கையால் செய்த வேலையையே சொல்கிறேன். சம்மதப் படிவத்தையும் டாக்டரின் கருத்துப் படிவத்தையும் ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, மேலே வரிசை எண் எழுதி, 'ரகசியம்' என்று குறித்து, பொறுப்பு டாக்டரின் பூட்டிய அலமாரியில் வைப்போம். பதிவேடும் அங்கேதான். அதை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் எண்ணிக்கைதான் இருக்கும், பெயர் இருக்காது. சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமாவது டாக்டர் பெயரைச் சொன்னால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அதில் டாக்டர் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து சிறுமிகளைக் கூட்டி வராமல் வைத்திருந்து இருபது வாரத்தைத் தாண்டவிடும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன உசிலம்பட்டியின் பழைய வரலாறு எல்லோருக்கும் தெரியும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் அவசியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது வேறு சட்டம், இது வேறு சட்டம். ஸ்கேன் சென்டர் சீல் வைக்கப்படும் என்ற பயத்தில், இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா எட்டாவது வாரத்தில் வந்தாலே "எங்களால முடியாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். எட்டாவது வாரத்து ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்க்கவே முடியாது. சந்தேகப்பட்டு அனுப்பிய பெண் பதினைந்தாவது வாரத்தில் திரும்பி வந்தால் சந்தேகம் இன்னும் கூடுமே தவிரக் குறையுமா? பெண் கருவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், சீக்கிரம் வருகிறவர்களுக்குச் சீக்கிரம் செய்து கொடுப்பதுதான் நேர்வழி.

மருந்துக்கடைகளும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் கருக்கலைப்பு மாத்திரை கிடைக்காது. "வச்சிருந்தா பில்லு, சீட்டு, டாக்டர் பேரு எல்லாத்துக்கும் கணக்குக் காட்டணும், எதுக்கு வம்பு" என்று எனக்குத் தெரிந்த கடைக்காரர் சொன்னார். டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து அது, சரி. சீட்டோடு போனாலும் இல்லை என்றால்? தெரிந்தவர் மூலம், கவர் இல்லாமல், தேதி தெரியாமல் கைமாறி வரும் மாத்திரைதான் மிச்சம். 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. இத்தனை பேர் மருத்துவமனையைத் தவிர்க்கிறார்கள் என்றால் அங்கே போக என்னென்ன தடை இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மாத்திரையை டாக்டர் மூலம் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முன்பே பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ரத்தசோகை அதிகம் இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும், நம் பெண்களில் அது இல்லாதவர்கள் குறைவு. எடுத்தபின் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைகிற அளவு ரத்தம், அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் நிற்கவில்லை, துர்நாற்றத்தோடு போகிறது, தலை சுற்றி விழுகிறீர்கள் என்றாலும் அப்படியே. போன இடத்தில் மாத்திரை போட்டதை மறைக்க வேண்டாம். என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாக நடக்கும். யார் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். ரத்தம் நின்றுவிட்டது என்பதற்காக இரண்டு வாரம் கழித்துப் போக வேண்டிய பரிசோதனையை விடாதீர்கள்.

குழந்தைக்குக் குறை இருக்கிறது என்று தெரியவந்து, பெற்றெடுக்க ஆசைப்பட்ட கருவைக் கலைக்க நேர்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் பேசுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டம். இருபத்து நான்கு வாரத்துக்கு மேலே என்றால் மருத்துவக் குழு பார்க்கும். கடுமையான குறைபாடு என்று அந்தக் குழு சொன்னால் வார வரம்பு இல்லை. 2021 விதிகளின்படி விண்ணப்பித்த மூன்று நாளுக்குள் கருத்தும், ஐந்து நாளுக்குள் சிகிச்சையும் நடக்க வேண்டும். இந்த நாட்களை நினைவில் வைத்துக் கேளுங்கள். சிறு ஊர்களில் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடும் பழக்கம் இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பதாவது வாரத்திலேயே எடுத்துவிட்டால், குறை தெரிந்தாலும் யோசிக்கவும் இன்னொரு டாக்டரிடம் கேட்கவும் நாள் இருக்கும்.

கடைசியாக, வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அனுமதி பெற்ற இடத்தில்தான் அதைத் தயங்காமல் தருவார்கள். சில தனியார் இடங்களில் பில்லும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் அனுப்புவார்கள், பெண்களும் தடயம் இல்லாததே நல்லது என்று வந்துவிடுவார்கள். அந்தச் சீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. மகப்பேறு நல விதிகளின்படி, கருச்சிதைவுக்கும் மருத்துவக் கருக்கலைப்புக்கும் அடுத்து வரும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதற்குச் சான்று காட்ட வேண்டும். மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பெண்களில் இதைக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாம் நாளே ஷிஃப்டுக்குப் போய் நிற்கிறார்கள். காரணம் எழுத வெட்கமாக இருந்தால், மேஸ்திரியிடம் கொடுக்காமல் நேராக அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள்.